முகம் தெரியணும்

மீன்சந்தையில் மருத்துவச்சி டீட்யென் எல்ஃப்ரீடவின் முழங்கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"ஏம்மா, பேப்பர்ல என் படம் வந்துச்சே, பாத்தியா? பல்லு தெரிய சிரிக்கிறேன்."

எல்ஃப்ரீட கையிலிருந்த கூடையைப் பார்த்தாள்.

"உன்னைப் பாத்துத்தான் சிரிச்சேன். தெரிஞ்ச புள்ளையாச்சேன்னு."

குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் தேவலை. டீட்யென் இரண்டு ஹெர்ரிங் மீன்களைக் காகிதத்தில் சுற்றி வாங்கிக்கொண்டு போய்விட்டாள். படம் வந்தது திங்கட்கிழமை. புதன்கிழமை வலி கண்ட வீட்டுக்குப் பையோடு போனவளுக்கு அங்கே கதவைத் திறக்கவில்லை என்று, மீன்காரி பிறகு சொன்னாள்.

பதினோரு வருடமாக ஜெர்மனியின் ப்ரேமன் நகரில் ஒரே பத்திரிகைக்கு எழுதியும் படமெடுத்தும் வந்தவள் எல்ஃப்ரீட. கப்பல் வெள்ளோட்டம், வெள்ளம், கால்பந்து எல்லாம் அவள் காமிராவுக்குள் போய் வந்தவை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தைந்தாம் வருடம் ஆகஸ்டில், லெவின்சோன் துணிக்கடைக்குப் போகிற ஜெர்மானியர்களைப் படமெடுத்துப் பெயரோடு போடும்படி நாஜிக் கட்சியிலிருந்து சொல் வந்தது. சனிக்கிழமை போனாள், மூன்று முகங்களை எடுத்தாள்; அதில் ஒன்று டீட்யென். வேலை என்றால் வேலை. யூதனிடம் வாங்கும் துரோகிகள் என்று தலைப்பு வைப்பார்கள் என்பதும் தெரிந்தேதான் எடுத்தாள். தெரியாது என்று இப்போது தனக்குத்தானே சொல்லிப்பார்த்தாள், ஒட்டவில்லை.

அடுத்த சனிக்கிழமையும் அவளையே அனுப்பினார்கள். வாசலின் இருபுறமும் காலை அகட்டிக் காவல் நின்ற, கட்சியின் பழுப்புச் சட்டைக்காரர்கள்மேல் லென்ஸைக் கூர்மைப்படுத்தினாள். யாராவது கடைக்குள் நுழைந்தால், முதுகு திரும்பும்வரை பொறுத்திருந்து அழுத்தினாள்.

ஆசிரியர் மென்கெ படங்களை மேசையில் பரப்பினார். எல்லாம் பின்மண்டைகள், ஒரு குடை, ஒரு மழைக்கோட்டின் தோள். நடுவில் அந்த இரண்டு காவல்காரர்கள் மட்டும் இமைமுடியை எண்ணலாம் போல விழுந்திருந்தார்கள்.

"முகம் தெரியணும்னுதானே சொன்னேன்?"

"தெரியுதே. ரெண்டு."

மென்கெ கதவைச் சாத்திவிட்டு வந்தார். "காலைல அந்த ரெண்டு பேரும் வந்திருந்தானுங்க. ஆளுக்கு ஒரு பிரதி வேணுமாம், அம்மாவுக்கு அனுப்பணுமாம்." அவரையும் மீறிச் சிரிப்பு வந்தது, உடனே அடங்கியது. "அவனுங்க முட்டாளுங்க. மேல இருக்கறவன் முட்டாள் இல்ல, எல்ஃப்ரீட. பத்திரிகைக்காரங்க பதிவேட்டுலேர்ந்து உங்க பேரை அடிச்சிட்டா, இந்த நாட்டுல ஒரு வரி எழுத முடியாது, ஒரு படம் விக்க முடியாது. ஃபிலிம் வீணாப் போச்சுன்னு நான் சொல்லிடறேன். வர்ற சனிக்கிழமை ஒழுங்கா எடுத்துக் குடுங்க."

"டீட்யென் உங்க பொண்ணுக்கும் பிரசவம் பாத்தவங்கதானே?"

மென்கெ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "பாத்தாங்க. அதுக்கு நான் என்ன பண்ணட்டும்?"

அவரைத் திட்டத் தோன்றவில்லை. பத்து நாள் முன்பு அவளும் அதையேதான் கேட்டிருப்பாள். தன் பத்திரிகையாளர் அடையாள அட்டையை எடுத்து மேசைமேல், ஒரு பின்மண்டையின்மேல் வைத்தாள். படி இறங்கினாள். வீரம் என்று எதுவும் தோன்றவில்லை. வாடகைக்கு என்ன செய்வது என்றுதான் தோன்றியது.

சனிக்கிழமை பதினோரு மணிக்கு லெவின்சோன் கடைக்குப் போனாள். கோட்டுக்கு உள்பக்கம் தைக்கத் துணி வேண்டியிருந்தது; பழையது உண்மையிலேயே கிழிந்திருந்தது. எதிர்ச்சாரியில் காமிராவோடு நின்றவன் ஹின்ரிக், அதே பத்திரிகையில் விளையாட்டுப் படம் எடுப்பவன்.

"எல்ஃப்ரீட, தயவுசெஞ்சு போயிடு," என்று தெருவுக்கு அந்தப் பக்கமிருந்து கத்தினான். "நான் டூட்டில நிக்கறேன்!"

"நில்லு. யாரு வேண்டாங்கறா?"

"உன்னையும் எடுக்கணும்டி!"

"ஃபோகஸை எட்டு மீட்டர்ல வை. வெயில் எனக்கு இடப்பக்கம் இருக்கு."

காவல்காரர்களில் ஒருவன் வழியை மறித்தான். அவள் அவனைச் சுற்றிக்கொண்டு வாசற்படியில் ஏறி, கதவுப்பிடியில் கையை வைத்தாள். கண்ணாடிக்கு அப்பால் லெவின்சோன் துணிச்சுருளைக் கையில் ஏந்தியபடி அப்படியே நின்றார். அவள் தலையைத் திருப்பித் தெருவை நேராகப் பார்த்தாள்.

ஹின்ரிக் காமிராவை முகத்துக்கு உயர்த்தினான். இறக்கினான். மறுபடி உயர்த்தினான். அதற்குள் டிராம் ஒன்று இருவருக்கும் நடுவே புகுந்து, மணியடித்தபடி, ஜன்னல் ஜன்னலாக, மெல்லக் கடந்துகொண்டிருந்தது.