ஆறுக்கு மேல் அனுமதி இல்லை

"ஏழு மார்க் வருதும்மா. ஆறுக்கு மேல போனா லீவு கிடையாது," என்றார் சிறை அலுவலக எழுத்தர், மூன்றாவது முறையாக.

மகள் போனை இடது காதுக்கு மாற்றினாள். அப்பாவின் உடல் கூடத்தில் இருந்தது. சமையலறைக்குள் வந்து கதவைச் சாத்தியும் கூடத்தில் நடக்கும் வாக்குவாதம் காதில் விழுந்தது.

"அப்பாவுக்கு முடியலன்னு போன வாரம் கேட்டப்ப அஞ்சுன்னு சொன்னீங்களே சார். ஒரே வாரத்துல, உள்ள இருந்துகிட்டே என் தம்பி என்ன பண்ணிட்டான்?"

"தம்பி ஒண்ணும் பண்ணலம்மா. பொறுப்பேத்துக்கப் பெத்தவங்க இல்லைன்னா ரெண்டு மார்க் கூடும். அம்மா முன்னாடியே இல்ல. இப்ப அப்பாவும்..."

"அப்பா செத்ததுக்குத்தானே சார் லீவே கேக்குறோம்!"

"புரியுதும்மா."

"நான் பொறுப்பேத்துக்கறேன். அவனோட அக்கா."

"படிவத்துல அக்காவுக்குக் கட்டம் இல்லம்மா. இந்த மார்க் பட்டியல் போட்டதே உங்கப்பாதானே."

அதுதான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்பா குற்றவியல் ஆய்வு நிலையத்தில் முப்பது வருடம் குப்பை கொட்டியவர். முன்பெல்லாம் அதிகாரிக்கு வேண்டியவன் மச்சான் கல்யாணத்துக்குக்கூட வெளியே போய் வருவான். நாதியற்றவன் தாய் செத்தாலும் உள்ளேயே கிடப்பான். அப்பா நாலாயிரம் கோப்புகளைப் புரட்டி, விடுப்பில் போய்த் திரும்பியவர் யார், ஓடியவர் யார் என்று பார்த்து, ஓடக்கூடியவனுக்குக் கூடுதல் என்று மதிப்பெண் போட்டார். ஆளுக்கொரு நியாயம் கூடாது என்பார். தம்பி ஒரு கடைப் பூட்டை உடைத்து மாட்டிக்கொண்டபோதும் அவர் யார் வாசலிலும் போய் நிற்கவில்லை.

கூடத்தில் பேராசிரியர், பட்டியலில் அப்பாவுக்குத் துணை நின்றவர், அடக்கமாகக் கத்திக்கொண்டிருந்தார். "பட்டியல் வந்த பிறகு திருட்டு குறைஞ்சிருக்கு. எண்ணிக்கை சொல்லுது."

"புகார் குடுக்கிறதுதான் குறைஞ்சிருக்கு," என்றார் ஓய்வுபெற்ற போலீஸ் அதிகாரி. அப்பாவோடு இருபது வருடம் மேடைக்கு மேடை மல்லுக்கு நின்றவர். இன்று பேராசிரியரைப் பிடித்துக்கொண்டார்.

போனை வைத்துவிட்டுக் கூடத்துக்கு வந்தாள். "கொஞ்சம் நிறுத்துறீங்களா?" என்றவள் பேராசிரியர் பக்கம் திரும்பினாள். "சார், நீங்க ஒரு போன் போட்டா விடுவாங்க."

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றினார். "ஒருத்தருக்குத் தளர்த்தினா நாளைக்கு மந்திரியோட மச்சான் வந்து நிப்பான்மா. உங்கப்பாவே ஒத்துக்க மாட்டார்."

அது உண்மை. அதனால்தான் எரிச்சல் இன்னும் கூடியது. செத்த பிறகும் பிடிவாதம் விடாத மனுஷர் என்று அப்பாவை மனசாரத் திட்டினாள். திட்டிக்கொண்டே அவர் சட்டைக் காலரைச் சரிசெய்தாள்.

திரும்பப் போய் போனை எடுத்தாள்.

"சார், ஜெயில்ல தெருப்பக்கம் ஜன்னல் இருக்கில்ல? அவன் அங்க நிக்கிறதுக்கு எத்தனை மார்க்?"

மறுமுனையில் எழுத்தர் தாள்களைப் புரட்டும் சத்தம் கேட்டது.

"அதுக்குப் பட்டியல் இல்லம்மா."

"மூணு மணிக்கு அவன அங்க நிக்கச் சொல்லுங்க."

மயானத்துக்குச் சிறைச்சாலை வழி சுற்று. சவ வண்டி ஓட்டுநர் அந்த வழியிலேயே விட்டார். பெரிய மதிலுக்கு எதிரே ஓரங்கட்டி, இறங்கிப்போய் பானட்டைத் திறந்து, கோளாறே இல்லாத இன்ஜினைக் குனிந்து பார்த்தார்.

"இங்க நிக்கக் கூடாது, எடுங்க எடுங்க," என்று வாசல் காவலர் ஓடி வந்தார்.

போலீஸ் அதிகாரி முந்திக்கொண்டு இறங்கினார். "வண்டி சூடாயிடுச்சுப்பா. பத்து நிமிஷம் ஆகும்," என்றார், பணியில் இருந்த காலத்துக் குரலில். காவலர் சல்யூட் வைக்காத குறையாகத் திரும்பினார். பேராசிரியர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாவது மாடியில், கம்பிகளுக்கு நடுவே ஒரு கை வெளியே வந்தது. உடனே பக்கத்து ஜன்னலில் இன்னொன்று. பிறகு கீழ் வரிசையிலும், அதற்கும் கீழேயும், ஜன்னலுக்கு ஒன்றிரண்டாகக் கைகள் நீண்டன.

எது தம்பியுடையது என்று கீழிருந்து தெரியவில்லை. அவள் வண்டியின் பின்கதவை இன்னும் கொஞ்சம் அகலமாகத் திறந்து வைத்தாள்.