பாதி பச்சை

தின்னரில் நனைத்த துணியால் சின்னவன் அப்பாவின் விரலிடுக்கைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அக்கா ஊரிலிருந்து வந்து பக்கத்தில் நின்றாள். நகக்கண்ணில் ஏறியிருந்த பச்சை பெயின்ட் போகவே மாட்டேன் என்றது. தொண்ணூற்று மூன்று வயதுவரை ஒருத்தர் சொல்லையும் கேட்காத மனுஷன், அவர்மேல் ஒட்டிய பெயின்ட் மட்டும் கேட்டுவிடுமா என்ன!

"என்னடா இது கையில?"

"பெயின்ட்டுக்கா. காலையில வாசல் கேட்டுக்கு அடிச்சிட்டிருந்தாரு."

"ஏணியில ஏறியா?"

அவன் துணியை மடித்தான். எழுபது வயதாகியும் அந்த வீட்டில் அவன் சின்னவன்தான். அக்காவிடம் பொய் சொல்ல அவனுக்கு எந்தக் காலத்திலும் வந்ததில்லை. "ஏறித்தான்."

"இந்த வயசுல அவரை ஏணியில ஏத்திட்டு நீ வேடிக்கை பாத்தியா? ஒரு வார்த்தை வேணாம்னு சொல்லியிருந்தா இன்னும் கொஞ்ச நாள் இருந்திருப்பாருடா!"

அப்பா ஏணியிலிருந்து விழவில்லை. நல்லபடியாக இறங்கி, வாசல் நாற்காலியில் உட்கார்ந்து, "காபி கொண்டாடா" என்றார். இவன் டம்ளரோடு வருவதற்குள் போய்விட்டார். அதைப் போனிலேயே சொல்லியிருந்தான். இருந்தாலும் அக்கா கேட்டது சுருக்கென்று தைத்தது. அப்பா போனதிலிருந்து அவனும் தன்னிடம் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தான்.

தடுப்பதாம்! யாரை? பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், அதற்கப்புறமும் ஒரு நாள் சும்மா இருந்ததில்லை. தன் துணியைத் தானே துவைத்து, தெருக்கோடி வரை விறுவிறுவென்று நடந்து, குழாய் ஒழுகினால் ஸ்பானரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். சர்க்கரை, பிரஷர், முழங்கால் வலி எல்லாம் மகனுக்கு. அந்த மாத்திரைகளை வேளாவேளைக்கு எடுத்துக் கொடுத்தது அப்பா. இவன் பயந்துபோய் ஏணியைப் பிடித்தால், "விடுடா, நீ பிடிச்சாத்தான் ஆடுது" என்று மேலேயிருந்து அதட்டல் வரும்.

அக்கா அவனைக் கதவோரம் தள்ளிவிட்டு அப்பாவின் தலையை வாரிவிட்டாள்.

அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டுத் தையல்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தார். கதவோரம் நின்ற சின்னவனைப் பார்த்ததும் அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"ஐயையோ... சார், நீங்களா? அந்த வீட்டுப் பெரியவர் போயிட்டாருன்னாங்க. நான் நீங்கன்னு... உங்களுக்குத்தானே உடம்பு முடியாம இருந்துது?"

"எனக்கு இன்னமும் முடியலதான். போனது அப்பா."

"அப்பாவா? நேத்துகூட என் தையல் மிஷினை ஒத்தை ஆளா நகத்தி வச்சிட்டுப் போனாரே!"

அக்கா முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று தையல்காரர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். அப்புறம்தான் அழுதாள், நன்றாக, சத்தம் போட்டு. தையல்காரர் கையிலும் பச்சை. பெயின்ட் காயாத கேட்டைத் தள்ளிக்கொண்டு வந்த எல்லோர் கையிலும் அன்றைக்குப் பச்சைதான்.

எல்லாம் முடிந்து வீடு திரும்பியபோது வெயில் தணிந்திருந்தது. வந்தவர்கள் போய்விட்டார்கள். அக்கா வாசல் நாற்காலிக்கு அடியிலிருந்து பிளாஸ்டிக் பையில் சுற்றிய எதையோ எடுத்தாள்.

"பிரஷ்ஷை ஏண்டா கழுவாம வச்சிருக்கே?"

"அப்பா வச்சது. வேலை முடிஞ்சாத்தான் கழுவுவாரு. நடுவுல காபிக்கு இறங்கினா, காயாம இருக்க இப்படிச் சுத்தி வைப்பாரு."

அவள் பையைப் பிரித்து மயிரைத் தொட்டுப் பார்த்தாள். இன்னும் மெத்தென்றுதான் இருந்தது.

"அப்ப காபி குடிச்சிட்டுத் திரும்ப ஏறத்தான் இருந்தாரு."

"ஆமாக்கா."

அவள் பிரஷ்ஷை மறுபடி பையில் சுற்றினாள்.

"சந்தோஷமா இருந்தாரா?"

"பாடிட்டே அடிச்சாரு. தெருவுல போன பஸ்ஸைப் பாத்து, கியர் மாத்தத் தெரியாதவன்லாம் ஓட்ட வந்துட்டான்னு திட்டினாரு. அப்புறம் மறுபடி பாட்டு."

அக்கா மூக்கை உறிஞ்சினாள். "போன தடவை வந்தப்போ என் பெட்டியை என்னைத் தூக்க விட்டாரா? பிடுங்கிட்டு முன்னால நடந்தாரு. நான் சொல்லிக் கேக்காதவரு, நீ சொல்லியா கேட்டிருப்பாரு?"

காலையிலிருந்து சின்னவன் நெஞ்சில் கிடந்த கல்லை யாரோ எடுத்து ஓரமாக வைத்ததுபோல இருந்தது.

கேட்டின் கதவு முழுக்கப் பச்சை; மேல்வளைவு மட்டும் இடதுபக்கம் பச்சையாகவும் வலதுபக்கம் துருவாகவும் நின்றது. அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, சுவரில் சாத்தியிருந்த ஏணியை வலதுபக்கம் நகர்த்தினாள்.

"நாளைக்கு ஆள் வச்சுப் பாத்துக்கலாம்கா."

"நாளைக்குள்ள பிரஷ் காஞ்சிடும். நான் பிடிச்சிக்கறேன், நீ ஏறு."

அவன் பெயின்ட் டப்பாவோடு முதல் படியில் கால் வைத்தான். முழங்கால் மளுக்கென்றது. இரண்டாவது படி. மூன்றாவது படியில் ஏணி லேசாக அசைந்தது.

"விடுக்கா," என்றான் மேலேயிருந்து, "நீ பிடிச்சாத்தான் ஆடுது."

அவள் விடவில்லை.