கலாவதி முடித்த ஏழு வசனங்கள்

கலாவதிக்கு அந்த வேலை வேண்டும். சும்மா கிடைத்தால் நல்லது என்கிற மாதிரியல்ல, நெஞ்சு பதைக்கிற அளவுக்கு வேண்டும். மனோர் பார்க்கில் ஒரு ஆங்கிலப் பள்ளிக்கூடச் சமையலறையில் ஆறு வருடமாக உதவியாளாக நிற்கிறாள். தலைமைச் சமையற்காரி ஓய்வுபெற்றுப் போய்விட்டா. அந்த இடத்துக்கு விண்ணப்பிக்கக் கடைசி நேரம், இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு ஜூன் மாதத்து அந்த வெள்ளிக்கிழமை பின்னேரம் நான்கு மணி.

போன வருடம் வேறொரு பள்ளிக்கூடத்துக்குப் போட்டவள்தான். ‘உங்கள் வசனங்கள் பாதியில் நிற்கின்றன, நீங்கள் என்ன செய்தீர்கள் என்றே விளங்கவில்லை’ என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். வந்ததே ரோசம்! போய்ச் சனிக்கிழமை ஆங்கில வகுப்பில் சேர்ந்தாள். அங்கே ஒரு வழி சொல்லிக்கொடுத்தார்கள். ஒவ்வொரு வசனத்தையும் தனியே எடுத்து, முன்பின் தெரியாத ஆளுக்குப் போனில் சொல்வதுபோல வாசிக்க வேண்டும். அந்தப் பக்கத்தில் ‘பிறகு?’ என்று கேட்டால் வசனம் முடியவில்லை என்று அர்த்தம்.

முன்பின் தெரியாத ஆளுக்கு எங்கே போவது? வெம்பிளியில் மரக்கறிக் கடையில் வேலை செய்கிற சிநேகிதி பாமாவைப் போனில் பிடித்தாள். அந்த வெள்ளிக்கிழமை மூன்றேகாலுக்குப் பள்ளிக்கூடக் களஞ்சிய அறையில் மா மூட்டை மேல் குந்தியிருந்து, தான் எழுதிய ஆங்கிலத்தை வாசித்தாள்.

“கிறிஸ்மஸ் விருந்தன்று ஓவன் பழுதானபோது.” அதிலே முற்றுப்புள்ளி.

“பிறகு?” என்றாள் பாமா.

“பிறகென்ன, பிள்ளையள் சாப்பிட்டவை.”

“ஓவன் இல்லாமல் எப்பிடிச் சாப்பிட்டவை?”

“வான்கோழியைத் துண்டு துண்டா வெட்டி, காஸ் அடுப்பிலை சட்டி வைச்சுப் பொரிச்சுக் குடுத்தது.”

“ஆர் குடுத்தது?”

கலாவதி கொஞ்சம் முனகினாள். “நான்தான்.”

“முந்நூறு பிள்ளையளுக்கோ? விசரி, அதை ஏன் எழுதேல்லை?”

அடுத்த வசனமும் அப்படியே. அதற்கடுத்ததும். ஏழு வசனம் நொண்டி. எல்லாம் ஒரே இடத்தில் நின்றன, தன் கெட்டித்தனத்தைச் சொல்ல இன்னும் ஒரு சொல்தான் இருக்கும்போது. அதைக் கண்டதும் கலாவதிக்கு விளங்கியது. ஆங்கிலம் தெரியாமல் நிறுத்தவில்லை, பயந்து நிறுத்தியிருக்கிறாள்.

“நாவூறு பட்டிடுமடி. வேலை கிடைக்க முதலே பெருமை பேசினால் கிடைக்கிறதும் கிடைக்காது.”

“படட்டும். இரவைக்கு வந்து காய்ஞ்ச செத்தல் மிளகாய் சுத்தி நாவூறு கழிக்கிறன். இப்ப எழுது.”

எழுதினாள். பேனா ஓட ஓட முகம் சூடேறியது. ஓவன் பழுதானபோது நான் சமைத்தேன். புது வழியை நான் கண்டுபிடித்தேன். சாமானை நான் மிச்சம்பிடித்தேன். அடேயப்பா, இவ்வளவும் செய்தது தானா என்று அவளுக்கே வியப்பாக இருந்தது. ஏழையும் முடித்துவிட்டுப் படிகளில் பாய்ந்து ஏறினாள். மணி மூன்று ஐம்பத்தாறு.

அலுவலகத்தில் தலைமை ஆசிரியையான அதிபரே நின்றா. தாளை வாங்கி நின்றபடியே வாசித்தா. பாதியில் நிமிர்ந்தா.

“அந்தக் கிறிஸ்மஸ் சாப்பாடு உங்கள் வேலையா? பழைய சமையற்காரி செய்ததென்று நினைத்து, நன்றிக் கடிதம்கூட அவவுக்குக் கொடுத்தேனே.”

கலாவதிக்குத் தூக்கிவாரிப் போட்டது. ‘எல்லோரும் சேர்ந்துதான்’ என்று வழக்கமான பதில் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அந்தப் பதிலை விழுங்கினாள்.

“நான்தான் செய்தேன்,” என்றாள் ஆங்கிலத்தில். “எப்படிச் செய்வதென்று யோசித்ததும் நான்தான். இந்த வேலையை என்னைவிட நன்றாகச் செய்ய இங்கே ஆளில்லை.”

அதிபர் மேசைமேல் கிடந்த நாட்குறிப்பைத் திறந்தா.

“செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு நேர்முகத் தேர்வு. மற்றவர்களுக்கு முன்னாலும் இதை இப்படியே சொல்வீர்களா?”

“சொல்வேன்,” என்றாள் கலாவதி.

செவ்வாய்க்கிழமை நான்கு பேருக்கு முன்னால் ஒரு சொல் குறையாமல் சொன்னாள். புதன்கிழமை மத்தியானம், வேலை உங்களுக்குத்தான் என்று அறிவித்தார்கள். கலாவதி சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, கண்ணீர் வழிய வழியச் சிரித்தாள்.