பகல் வெளிச்சத்தில் மரகதம்

…இன்னும் அந்த வாடை மூக்கை விட்டுப் போகவில்லை, இறகு பிடுங்கிய கோழியைத் தணலில் வாட்டும்போது வருமே, அதே கருகல் வாடை, வருஷக்கணக்காகக் கோழிப்பண்ணை நடத்துகிறவளுக்கு அது புதிதா என்ன, ஆனால் சொந்தக் கன்னத்திலிருந்து கிளம்பினால் யாருக்குத்தான் குமட்டாது, சீ… கடோங்கோ கறுப்புக் கண்ணாடியை மூக்கின் மேல் ஏற்றிவிட்டுக்கொண்டாள். நகைக்கடை முழுக்க ஏதோ சென்ட்டை அடித்துவைத்திருந்தார்கள், செத்த பூவைச் சர்க்கரைப் பாகில் ஊறப்போட்ட மாதிரி ஒரு தித்திப்பு, அது தொண்டை வரைக்கும் இறங்கியது. மகள் முடாலே பக்கத்து நாற்காலியில் நுனிக்கு வந்து உட்கார்ந்து தட்டிலிருந்த பச்சைக் கற்களை ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டிருந்தாள். அடுத்த சனிக்கிழமை அவளுடைய கிச்சன் பார்ட்டி, கல்யாணத்துக்கு முன்னால் பெண்கள் கூடி நடத்துகிற சடங்கு, லுசாகாவில் இருக்கிற சொந்தக்காரப் பெண்கள் அத்தனை பேரும் ஒரே பச்சைச் சித்தெங்கேத் துணியில் தைத்துக்கொண்டு வந்து உட்காருவார்கள், மணப்பெண்ணைத் துணியால் மூடிக் கூட்டி வருவார்கள், மாப்பிள்ளை வந்து துணியை விலக்குவான், அந்த நேரத்தில் அம்மாக்காரி ஆட வேண்டும், எல்லாருடைய போனும் அவள் மூஞ்சிக்கு நேராக நீளும்… இந்த மூஞ்சிக்கு. பவுடர் வியர்வையில் ஊறிக் களிமண் மாதிரி இறுகிக்கிடந்தது. சொறியவும் முடியாது, துடைக்கவும் முடியாது, என்ன பிழைப்பு இது.

அம்மா, உனக்கு ஒரு பரிசு என்றுதானே ஆரம்பித்தாள் இந்தப் பெண், வெயிலிலேயே நின்று நின்று உன் முகம் களைத்துப்போச்சும்மா, வெளிச்சம் வைத்தே சரி பண்ணுகிறார்களாம், கத்தியில்லை ஊசியில்லை, முதலில் உனக்கு, பிறகு எனக்கு என்று. கடோங்கோவும் பல்லை இளித்துக்கொண்டு போனாளே, யாரைச் சொல்லி என்ன, அவளுக்கு ஆசை இல்லாமலா போனாள், இந்த வயதில் கன்னம் மினுங்க வேண்டும் என்று எந்தப் பேய் பிடித்ததோ. எச்சில் மாதிரி வழவழப்பாக, ஜில்லென்று ஒரு களிம்பை அப்பினாள் அந்தப் பியூட்டி பார்லரில் இருந்த பெண், நீளநீள நகம் வைத்த பெண், அந்த நகத்தைப் பார்த்தபோதே எழுந்து வந்திருக்க வேண்டாமா? கண்ணை மூடிக் கட்டிவிட்டார்கள், ஆனாலும் இமைக்குள்ளே சிவப்பாக ஒரு வெடி, கூடவே ரப்பர் பேண்டை இழுத்து விட்டாற்போல் சுளீர், திரும்பச் சுளீர், அப்புறம் அந்த வாடை. எரியுதும்மா என்றாள் கடோங்கோ, தன் மகளைவிடச் சின்னவளை அம்மா என்று கெஞ்சினாளே, கருமம். எல்லாருக்கும் இப்படித்தான், கறுத்து உரிஞ்சு பளிச்சுன்னு ஆயிடும் என்றாள் அவள், தலையைக்கூட நிமிர்த்தாமல். உரிந்தது உரிந்தது, பளிச்சென்று ஆகவில்லை. இரண்டு கன்னத்திலும் வரிசையாக நீள்சதுரங்கள், ஒன்று கரி, ஒன்று வெளிறல், அந்த மெஷினின் வாய் எங்கெல்லாம் வைத்து எடுத்தார்களோ அங்கெல்லாம் அச்சு. கறுப்புத் தோலுக்கு அந்த வெளிச்சத்தை எவ்வளவு தணித்து வைக்க வேண்டும் என்று பிறகுதான் வேறொரு டாக்டர் திட்டினார், இவளைத் திட்டினார், இவள் என்னமோ மெஷினைத் திருகியவள் மாதிரி.

யாருக்கும் தெரியாது. செங்கண் நோய் என்று சொல்லிக் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டாள், ஊரில் பாதிப் பேருக்குச் செங்கண், யார் கேட்கப்போகிறார்கள். முடாலே கேட்கவே இல்லை, கல்யாண வேலையில் அவளுக்குத் தலைக்கு மேல் இருக்கிறது, நல்லதாயிற்று என்றுதான் இருந்தாள் இத்தனை நாளும்… ஆனால் நாளைக்கு முடாலேயின் முறையாயிற்றே. நாளைக் காலை இதே மெஷின், இதே நகக்காரி, தன் வயிற்றில் பிறந்த அந்த வழுவழு முகத்தின் மேல். சொல்லிவிடேன், வாயைத் திறந்து சொல்லித் தொலையேன் கடோங்கோ. சொன்னால் பவுடரைக் கலைக்க வேண்டும், காட்ட வேண்டும், அந்தப் பிள்ளை பேங்கில் வாங்கும் சம்பளத்தில் மிச்சம் பிடித்துச் செய்த பரிசு அது, ஐயோ நானே உன்னைக் கெடுத்தேனே என்று அழும், கல்யாணம் முழுக்க அழும். அத்தைமார்களுக்குத் தெரிந்தால்? பானா முடாலேயை, அதான் முடாலேயின் அம்மாவைப் பாருங்கடி, மகளுக்குக் கல்யாணம் வைத்துவிட்டு இவள் மணப்பெண் ஆகப் பார்த்தாள் என்று கொட்டு அடித்தே பாடுவார்கள். பாடட்டும். அதுவா இப்போது பெரிசு, நாளைக்கு அல்லவா… ஒரு மூஞ்சியைக் காட்டப் பயந்து இன்னொரு மூஞ்சியை நெருப்பில் விடப் பார்க்கிற ஒரு தாய், தூ.

"மரகதம்னாலே உள்ள கீறல் இருக்கும்மா, இல்லாம இருக்காது," என்று கடைப்பெண் பேசிக்கொண்டே போனாள். "எண்ணெய் விட்டு மறைச்சிருப்பாங்க. சுடுதண்ணியில மட்டும் போட்றாதீங்க, எண்ணெய் போயிடும், எல்லாம் வெளிய தெரிஞ்சிடும்." இதற்குமா எண்ணெய்ப் பூச்சு, கல்லைக்கூட விட்டுவைக்கவில்லையா இந்த உலகம் என்று கடோங்கோவுக்கு அந்தத் தட்டின் மேலேயே ஓர் அருவருப்பு வந்தது, எத்தனை பேர் தடவிய கை ரேகையெல்லாம் அந்த வெல்வெட்டில் பிசுபிசுத்துக் கிடந்தது. முடாலே ஒரு பதக்கத்தை எடுத்து அம்மாவின் நெஞ்சுக்கு நேரே பிடித்தாள். அட, அவளுக்கு இல்லையா? "உனக்குத்தாம்மா. நல்லா கீழ இறங்கின சங்கிலியா வாங்கலாம், பாக்குறவங்க கண்ணு அங்கயே நிக்கும்." எதற்கடி எனக்கு, நீதானே மணப்பெண் என்று கேட்க வந்து கேட்கவில்லை, ஒரு பரிசு பட்டதே போதாதா என்று உள்ளுக்குள் ஒரு கசப்பு. அதற்குள் கடைப்பெண் அந்தப் பதக்கத்தை வாங்கிக்கொண்டு வாசலுக்கு நடந்தாள். "இந்தப் பல்பு வெளிச்சத்துல எல்லாமே அழகுதான். பகல்ல பாத்துதான் பச்சை எடுக்கணும். வாங்கம்மா. ஐயே, அந்தக் கண்ணாடியோட பாத்தா எல்லாம் கறுப்பாத்தானே தெரியும், கழட்டுங்க."

வாசலில் நடுப்பகல் வெயில் கொட்டிக்கொண்டிருந்தது. மூன்று பேர் நின்றார்கள், கல் ஒன்று, யாரும் அவசரப்படவில்லை, கழற்றிவிட்டால் முடிந்தது, கண்ணுக்குக் கீழே கன்னத்து மேட்டில்தானே பவுடர் நிற்கவே இல்லை காலையில்… கழற்றினாள். கைப்பையிலிருந்த பாட்டில் தண்ணீரை இடுப்பில் சுற்றியிருந்த சித்தெங்கேயின் நுனியில் ஊற்றி அழுத்தி ஒரு தேய்ப்பு தேய்த்தாள், இந்தக் கன்னம், அந்தக் கன்னம், துணியில் சேறு மாதிரி வந்தது. கடைப்பெண் கல்லைக் கையில் மூடிக்கொண்டு தெருவைப் பார்த்தாள். "நல்லா பாத்துக்கடி," என்றாள் கடோங்கோ. "உன் மேல தப்பில்ல. ஆனா நாளைக்கு நீ அங்க போகக்கூடாது."

முடாலே அழவில்லை. ஐயோ என்றுகூடச் சொல்லவில்லை. "நான் அப்பவே வேண்டாம்னு சொல்லிட்டேம்மா."

"எப்ப?"

"உனக்குப் பண்ணி ரெண்டாம் நாள். நீ மூஞ்சி கழுவிட்டு வந்தப்ப கதவிடுக்குல பாத்தேன்." கைப்பையின் வாரை விரலில் சுற்றிக்கொண்டே நின்றாள். "என் தோலும் உன் தோலும் ஒண்ணுதானேம்மா. உனக்கு ஒத்துக்கிட்டா எனக்கும் ஒத்துக்கும்னு அந்தப் பார்லர் பொண்ணுதான் சொன்னா… முதல்ல அம்மாவுக்குப் பண்ணிப் பாக்கலாம்னு. இப்படி ஆகும்னு எனக்கெப்படித் தெரியும்? அதான் இந்த மரகதம்…"

அப்பாடா, போகவில்லை இவள், தப்பித்தாள் என்றுதான் முதலில் உடம்பு முழுக்க ஒரு குளிர்ச்சி இறங்கியது, பிள்ளை தப்பித்தாள், அது போதும்… அந்தக் குளிர்ச்சியின் பின்னாலேயே மெதுவாக ஏறி வந்தது மற்றது, விஷம் இருக்கிறதா என்று பார்க்கச் சோற்றில் ஒரு வாய் எடுத்து நாய்க்குப் போடுவார்களே, அந்த ஒரு வாய். துப்ப வேண்டும் போல வாயில் எச்சில் ஊறியது, மகள் மேலா, நகக்காரி மேலா, குளிர்ந்துபோன தன் உடம்பின் மேலா, எங்கே துப்புவது என்றுதான் தெரியவில்லை. நம் இரண்டு பேர் தோலும் ஒன்று, நீ முதலில் போய்ப் பாரம்மா என்று மகள் நேராகவே கேட்டிருந்தால் கடோங்கோ என்ன செய்திருப்பாள்? யோசித்திருக்கவே மாட்டாள், கையிலிருந்த கோழித் தீவனத்தை அப்படியே போட்டுவிட்டுப் போய்ப் படுத்திருப்பாள். அது இந்தப் பெண்ணுக்குத் தெரியும் என்பதால் கேட்கவில்லையா, தெரியாது என்பதால் கேட்கவில்லையா?

கடைப்பெண் தொண்டையைச் செருமினாள். "இதையே எடுத்துக்கிறீங்களாம்மா, இல்ல வேற காட்டட்டுமா?" முடாலே அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், அவளுடைய கண், மூக்கு, நெற்றி எல்லாம் கடோங்கோவுடையதேதான்.