பல் விளக்காதவர்கள் வரிசை

என் பேத்தி நாகஜோதி மூன்று நாளாகப் பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று படுத்துக் கிடந்தாள். கேட்டால் வாயைப் பொத்திக்கொண்டாள். அதட்டின பிறகுதான் சொன்னாள். தலைமையாசிரியர் பாண்டிராஜ் எல்லாப் பிள்ளைகளையும் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்திருக்கிறார். கறை இருந்த பதின்மூன்று பேரைப் பிரித்து, 'பல் விளக்காதவர்கள் வரிசை' என்று பெயர் வைத்திருக்கிறார். தினமும் பிரேயரில் அந்த வரிசை தனியாக நிற்க வேண்டுமாம்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. ஒன்பது வயசுப் பிள்ளை. ஈறில் ரத்தம் வருகிறவரை தேய்க்கிறாள். முன்பல்லில் இருக்கிற பழுப்புத் திட்டு மட்டும் போகவில்லை. இரண்டு பேஸ்ட் மாற்றினோம். விற்கிறவன் எல்லாம் திருடன் என்று நினைத்துக்கொண்டேன்.

மதுரையிலிருந்து பல் டாக்டர் பள்ளிக்கூடத்து முகாமுக்கு வந்த அன்று, அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன்.

"வாத்தியாரே, எம்பேத்தி பல்லு விளக்கலன்னு நீங்க வீட்டுக்கு வந்து பாத்தீங்களா?"

"பெரியவரே, சத்தம் போடாதீங்க. பல்லப் பாத்தாலே தெரியுதுல்ல?"

"அப்ப ஒங்க பல்லயும் காட்டுங்க. வெத்தலக் காவி ஏறிக் கெடக்கு. ஒங்கள எந்த வரிசையில நிறுத்துறது?"

பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். டாக்டரம்மா இந்துப்ரியா நாற்காலியை விட்டு எழுந்து வந்தார். சின்ன வயசு.

"சார், இந்தப் பிள்ளைங்க நல்லாத்தான் விளக்குறாங்க. இது அழுக்கு இல்ல. குடிக்கிற தண்ணியில ஃபுளோரைடு கூடிப்போனா வர்ற கறை. ஈறுக்குள்ள பல்லு உருவாகுறப்பவே விழுந்துரும். எவ்வளவு தேச்சாலும் போகாது."

"கேட்டுக்கங்க வாத்தியாரே!" என்று நான் குதித்தேன். "எவனோ பாழாப்போன தண்ணியக் குடுத்திருக்கான். அவனப் பிடிக்க வக்கில்ல, பிள்ளைகள நிறுத்துறீங்க!"

டாக்டரம்மா பிள்ளைகளைப் பார்த்து, எந்தத் தெரு என்று கேட்டார். பதின்மூன்றும் மேலத்தெரு. எந்தத் தண்ணீர் குடிப்பீர்கள் என்று கேட்டார். ஒரு பிள்ளை என்னை நோக்கி விரலை நீட்டியது.

"இவுக போர்த் தண்ணி."

பத்து வருசத்துக்கு முன்னால் கிணறு வற்றியபோது அறுநூற்றைம்பது அடி இறக்கின போர் அது. தெருவுக்கென்று வெளியே ஒரு குழாயும் வைத்தேன். பஞ்சாயத்துக் குழாயில் ஆற்றுத் தண்ணீர் வந்துகொண்டுதான் இருந்தது. அதில் மருந்து கலக்கிறார்கள், குடித்தால் குடல் வெந்துவிடும் என்று வீடு வீடாகச் சொன்னவன் நான். அதைக் குடித்த கீழத்தெருப் பிள்ளைகள் பக்கத்தில் வெள்ளைப் பல்லோடு நின்றார்கள்.

விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை.

"ஏம்மா, எனக்கு எழுவத்தியொரு வயசு. கரும்பு கடிப்பேன். நானும் அதே தண்ணிதான் குடிக்கிறேன்."

"உங்களுக்குப் பல்லு மொளைக்கிறப்ப அந்த போர் இருந்துச்சா ஐயா?"

நான் பேத்தியின் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"தண்ணியச் சோதிச்சாத்தான் உறுதியாச் சொல்ல முடியும். யாருமே வந்து எடுக்கலயா?"

பாண்டிராஜுக்குத் திருப்பிக் கொடுக்க நேரம் வந்துவிட்டது. "வந்தாங்க மேடம். நாலு வருசத்துக்கு முன்னால ரெண்டு பேர் பாட்டிலோட வந்தாங்க. இவருதான் நாய அவுத்து விட்டாரு."

விட்டேன்தான். போரைப் பிடுங்க வந்தவர்கள் என்று நினைத்தேன்.

"ஆமா, அது என் தப்புத்தான்," என்றேன். "அதுக்கு என்னய நிறுத்துங்க. இந்த வரிசையக் கலைங்க. இதுக பல்லு விளக்குற பிள்ளைகன்னு எல்லாத்துக்கும் முன்னால சொல்லுங்க."

"நாளைக்குப் பிரேயர்ல..."

"பேரு வைக்கிறப்ப நாளைக்கின்னு பாத்தீங்களா? இப்பச் சொல்லுங்க."

சொன்னார். தனக்குள் பேசுகிற மாதிரி சொன்னார். இன்னொரு தடவை சத்தமாகச் சொல்ல வைத்தேன்.

வரும் வழியில் நாகஜோதி கேட்டாள், "இனி அந்தத் தண்ணி குடிக்கலன்னா வெள்ளையாயிருமா தாத்தா?"

"ஆகாது. பெரியவளானா ஏதோ பூசி மறைக்கலாங்குது டாக்டரம்மா. தானா ஆகாது."

அதற்குப் பிறகு அவள் என் கையைப் பிடிக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் வெளிக்குழாயின் திருகைக் கழற்றி, வாயில் மரக்கட்டையை வைத்து அடித்தேன். பாதி அடிக்கும்போதே எதிர்வீட்டு அழகம்மாள் குடத்தோடு வந்துவிட்டாள். இடுப்பில் இரண்டு வயசுப் பேரன்.

"என்னண்ணே, யாரு மேல கோவம்?"

"எம்மேலதான். குடிக்க இதுல பிடிக்காத. பஞ்சாயத்துத் தண்ணியப் பிடி."

"அதக் குடிச்சா கொடலு வெந்துரும்னீங்க?"

"தெரியாமச் சொன்னேன்."

"காய்ச்சிக் குடிச்சுக்கிறேன். அடைக்காதீங்க."

"காய்ச்சினாலும் போகாதாம். அந்தப் பயலுக்கு இப்பத்தான் உள்ளுக்குள்ள பல்லு உருவாகுது. அவனையும் வரிசையில நிறுத்தணுமா?"

"பத்து வருசமா ஒண்ணு சொன்னீங்க, இன்னைக்கி ஒண்ணு சொல்றீங்க. எத நம்புறது?"

நாலு பேர் கூடிவிட்டார்கள். ஒருவரும் என் பக்கம் பேசவில்லை. நான் அவள் குடத்தைப் பிடுங்கிக்கொண்டு தெருமுனைக்குப் போனேன். பஞ்சாயத்துக் குழாயைத் திறந்து கையில் ஏந்திக் குடித்தேன். மருந்து வாடை அடிக்கத்தான் செய்தது. விழுங்கினேன். திரும்பவும் ஏந்தினேன்.

பின்னாலேயே வந்த அழகம்மாள், பேரனை இறுக்கிப் பிடித்துக்கொண்டு என் தொண்டையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.