பக்கத்து அறைச் சத்தம்

மேற்கு ஆஸ்திரேலியாவில் எங்கள் இரும்புச் சுரங்கத்தில் ஒவ்வொரு லாரிக்குள்ளும் ஒரு கேமரா உண்டு. ஓட்டுகிறவன் கண்ணையே பார்த்துக்கொண்டிருக்கும். இமை கொஞ்சம் கூடுதல் நேரம் மூடினால் இருக்கை அதிரும், அலுவலகத்தில் மணி அடிக்கும். அந்த மாதம் எனக்கு இரண்டு முறை அடித்துவிட்டது. மூன்றாவது முறை அடித்தால் பெர்த்துக்கு விமானம் ஏற்றிவிடுவார்கள். அப்புறம் திரும்பக் கூப்பிட மாட்டார்கள்.

எல்லாம் ராவிரியால். நியூசிலாந்தின் மாவோரி இனத்தவன், மலை மாதிரி உடம்பு. என்னைப் போலவே இரவு ஷிப்ட் லாரி. பகலில் நாங்கள் தூங்கும் முகாம் அறைகளுக்கு நடுவே வெறும் அட்டைச் சுவர். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் வியாதி அவனுக்கு. அதனால் முகத்தில் மாஸ்க் கட்டி, காற்று ஊதும் மெஷினோடுதான் படுப்பான். பழைய மெஷின். காலை ஏழுக்கு ‘உய்ய்ய்’ என்று ஆரம்பித்தால் மாலை மூன்றுவரை ஓயாது. வெளிச்சமாவது வராமல் இருக்கட்டும் என்று ஜன்னலில் அலுமினியத் தாள் ஒட்டினேன், காதில் பஞ்சு அடைத்தேன். ஒன்றும் பலிக்கவில்லை.

ஒரு நாள் சாப்பாட்டுக் கூடத்தில் எல்லோர் முன்னாலும் வெடித்துவிட்டேன்.

“டேய், அந்தச் சனியனைத் தூக்கிக் குப்பையில போடு. நீ தூங்குறதுக்கு நான் சாகணுமா?”

“அது இல்லன்னா எனக்குத் தூக்கமே வராதுடா, கெல்.”

“தாலாட்டு கேக்குதோ பாப்பாவுக்கு?”

கூடமே சிரித்தது. அவனும் சிரித்தான். ஆனால் பாதி ரொட்டியைத் தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்தான். “சரி விடு, பாத்துக்கிறேன்.”

மறுநாள் சத்தமே இல்லை. அடித்துப்போட்டாற்போல் தூங்கினேன். எழுந்தபோது தலை இறகாக இருந்தது. அந்தச் சிவந்த புழுதிகூட அழகாகத் தெரிந்தது. நான்கு நாள் அந்தச் சுகம்.

ஷிப்டுக்கு முன் எத்தனை மணி நேரம் தூங்கினோம் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். உண்மை எழுதுகிறவன் எவனும் இல்லை. எல்லோரும் எட்டு என்றுதான் எழுதுவோம். நான்காம் நாள் நானும் எட்டு எழுதினேன், நிஜமாகவே. பக்கத்தில் ராவிரியும் எட்டு எழுதினான். கண் ரத்தமாகச் சிவந்திருந்தது. தாளெல்லாம் காபியைச் சிந்தியிருந்தான்.

“மெஷின் இல்லாமலே பழகிடுச்சா?”

“பழகிடுச்சுடா,” என்று கொட்டாவி விட்டான்.

பொய் என்று தெரிந்தது. தோண்டிக் கேட்டால் மெஷின் திரும்ப வந்துவிடும். கேட்காமல் என் லாரியில் ஏறிவிட்டேன்.

விடியும் நேரம் அவனுக்கு மணி அடித்தது. அதற்குள் லாரி பாதையோரத் தடுப்பு மண்மேட்டைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்துவிட்டது. அவனை வெளியே எடுக்கும்போதே உயிர் இல்லை.

அவன் சாமான்களைக் கட்ட மேற்பார்வையாளர் லொரெய்ன் வந்தாள். உதவிக்கு என்னைக் கூப்பிட்டாள். கட்டிலடியில் மெஷின் இருந்தது. அதைச் சுற்றி இரண்டு துண்டு, ஒரு கம்பளிச் சட்டை. சத்தத்தை அமுக்கப் பார்த்து, முடியாமல் நிறுத்தியே வைத்திருக்கிறான், பாவி.

“பக்கத்து ரூம் நீதானே, கெல்? இதைப் போட்டுக்கிட்டுத்தானே தூங்கினான்?”

“ஆமா. தினமும் சத்தம் கேட்டுச்சே.”

அவன் மேல் பழி வரக்கூடாது என்றுதான் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். நிஜத்தில் காப்பாற்றப் பார்த்தது என்னைத்தான்.

லொரெய்ன் மெஷினின் ப்ளக்கைச் சொருகி ஒரு பொத்தானை அழுத்தினாள். நாள்வாரியாக ஓடிய நேரம் திரையில் வந்தது. எட்டு. எட்டு. ஏழரை. அப்புறம் நான்கு பூஜ்யம்.

அவள் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

“நாலு நாளா இது ஓடவே இல்லியே, கெல். எந்தச் சத்தம்?”

நான்கு நாள் நன்றாகத் தூங்கித் தெளிந்த முகத்தோடு அவள் முன்னால் நின்றேன்.