அவரவர் துப்பாக்கி

சனிக்கிழமை அப்பாவுக்கு, பாயிண்ட் டூ டூ என்னும் சின்னத் தோட்டா போடும் ரிவால்வர் ஒன்று வாங்கினோம். தேர்ந்தெடுத்தது நான். எப்படித் தேர்ந்தெடுத்தேன் என்று முதலிலிருந்து எழுதினால் எங்கே தவறினேன் என்பது தெரியும் என நினைக்கிறேன். தெரியாமலும் போகலாம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச் முடிந்து, சாப்பிட்டதும் பழைய குவாரிக்குப் போவது எங்கள் குடும்பத்து வழக்கம். பலகையில் ஆறு காலி டப்பா. பதினைந்து தப்படி தூரம். ஆளுக்கு ஆறு தோட்டா. நான்குக்குக் குறைவாக அடிப்பவர் அன்று முழுக்க மற்றவர்களுக்கு டப்பா அடுக்க வேண்டும். இருபது வருடமாக அப்பா ஒரு டப்பாவைக்கூடக் குனிந்து எடுத்ததில்லை. போன வருடம் கைகளில் நடுக்கம் வந்தது. அவருடைய பழைய கனத்த ரிவால்வர் சுடும்போதெல்லாம் எகிறி எங்கோ பார்க்கும். கடைசி ஆறு வாரமும் அவர்தான் அடுக்கினார்.

"மாவு சலிச்சது போதும்ண்ணே, டப்பாவை நிமிர்த்தி வை," என்பார் ராய்ஸ் சித்தப்பா. எல்லோரும் சிரிப்பார்கள். அப்பாவும் சிரிப்பார்.

போன வாரம் அப்பா, எகிறாத சின்னத் துப்பாக்கி ஒன்று வாங்கப் போவதாகச் சொன்னார். சித்தப்பா யோசித்தார். "வாங்கு. நாலு அடிச்சிட்டா இந்த வருஷம் பூரா நான் அடுக்குறேன். அடிக்கலேன்னா இனிமே நீ துப்பாக்கியே கொண்டு வர வேண்டாம், வெறுங்கையோட வா. டப்பா அடுக்க அது போதும்."

அப்பா சரி என்றார்.

மாலை வகுப்பில் எனக்குக் கற்றுத்தருவது தர ஆய்வு. அளக்க முடிந்ததையெல்லாம் அளந்து கட்டம் போட்டு எழுது என்பது எங்கள் வாத்தியாரின் முதல் பாடம். ஒரு தாளில் கட்டம் போட்டேன்: எடை, குழல் நீளம், குறி பார்க்கும் முள், பிடியின் பருமன், விசையை இழுக்கத் தேவையான பலம். விசையை அளக்க மீன் நிறுக்கும் கொக்கித் தராசை எடுத்துக்கொண்டேன்.

துப்பாக்கிக் கடைக்காரி ஓபல் தராசைப் பார்த்ததும், "என்னடி டெஸ்ஸா, துப்பாக்கியைப் பொரிச்சா திங்கப் போற?" என்றாள். அப்பாவிடம், "இவ வீட்ல உப்பையும் நிறுத்துத்தான் போடுறாளா டெல்மர்?" என்றாள்.

"எண்ணித்தான் போடுறா," என்றார் அப்பா.

பாயிண்ட் டூ டூவைக் காலியாகச் சுட்டுப் பார்க்கக் கூடாது. தோட்டா இல்லாவிட்டால் துப்பாக்கியின் பின்னால் உள்ள சுத்தி, தோட்டா போடும் உருளையின் விளிம்பில் இடித்து அதை நசுக்கிவிடும். அதனால் ஓபல் தானே ஒவ்வொரு துளையிலும், சுவரில் திருகாணிக்கு முன் செருகும் மஞ்சள் பிளாஸ்டிக் முளையைச் செருகிக் கொடுத்தாள். இதை அப்போது நான் கவனிக்கவில்லை. பார்த்தேன், கவனிக்கவில்லை.

இரண்டு மிஞ்சின. ஒன்று லேசானது, உருளை மொத்தமாகப் பக்கவாட்டில் வெளியே வரும், விசை ஐந்து பவுண்டு. மற்றது கனமானது, கட்டைவிரலால் சுத்தியைப் பின்னுக்கு இழுத்துவிட்டுச் சுட வேண்டும், விசை மூன்றே கால். தோட்டா போடப் பின்னால் ஒரு சின்னக் கதவு, ஒரு நேரத்தில் ஒரு துளை. கனமானதை அப்பா இரண்டு கையாலும் பிடித்து நீட்டியபோது குழல் நுனி அசையவில்லை. ஓபல் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். அப்பா என்னைப் பார்த்தார். அந்த முகத்துக்காகவே நான் அவசரப்பட்டேனோ என்னவோ, அதையே வாங்கினோம்.

இன்று குவாரியில் சித்தப்பா தன் கையாலேயே டப்பாக்களை வைத்தார். நான்கு பீன்ஸ், இரண்டு பீச். "வாண்ணே, ராஜா மாதிரி நில்லு."

அப்பா கதவைத் திறந்தார். தோட்டா அவரைக்கொட்டையைவிட ஒல்லி, எண்ணெய்ப் பிசுக்கு. துளை பட்டாணி நுழையாத அளவு. முதல் தோட்டா சரளையில் விழுந்தது. இரண்டாவது துளையின் ஓரத்தில் டிக் டிக் டிக் என்று தட்டிவிட்டு விழுந்தது. மூன்றாவதும்.

"தந்தி அடிக்கிறியா? யாருக்கு?" என்றார் சித்தப்பா.

நான் கை நீட்டினேன். "குடுங்கப்பா."

"கையை எடு டெஸ்ஸா. அவரவர் துப்பாக்கியை அவரவர்தான் நிரப்பணும். யார் போட்ட விதி? சொல்லுண்ணே."

அப்பா குனிந்து தோட்டாவைப் பொறுக்கினார்.

"மர மில்லுல எனக்கு ரெண்டு விரல் போச்சு. கட்டுக்கூடப் பிரிக்கல. இதே இடத்துல, நீ ஒரு தோட்டாகூடப் போட்டுத் தரல. கோடை பூரா நான் அடுக்கினேன். இவ அந்த வண்டி டிக்கியில உக்காந்து சிரிச்சா."

எனக்கு அப்போது எட்டு வயது. சிரித்தது நினைவிருக்கிறது.

"போட்டுத் தரலதான்," என்றார் அப்பா. மறுபடி குனிந்து பொறுக்கினார்.

ஐந்து நிமிடத்தில் ஒரு தோட்டா உள்ளே போனது. மற்றவை சரளையில் கிடந்தன. அப்பா நிமிர்ந்து, சுத்தியை இழுத்து, அந்த ஒன்றைச் சுட்டார். இடதுகோடி பீன்ஸ் டப்பா நடுவில் துளையோடு பறந்தது. என் கட்டத்தில் இருந்த எதுவும் தப்பில்லை.

"ஒண்ணு," என்றார் சித்தப்பா. "அருமையான அடி. போண்ணே, அடுக்கு."

அப்பா உருளையைக் காலி செய்து, என் கையில் வைத்துவிட்டுப் பலகையை நோக்கி நடந்தார். விழுந்த டப்பாவை ஏற்றி வைத்தார். திரும்பி வந்து ஓரமாக நின்றார்.

"அப்புறம் என்ன, இவ்வளவு நிறுத்து வாங்கினவ நீதானே? அடிச்சுப் பாரு," என்றார் சித்தப்பா என்னிடம்.

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஆறு தோட்டாவையும் அரை நிமிடத்தில் நிரப்பினேன். ஐந்து அடித்தேன். பிடி கையோடு ஒட்டிக்கொண்டது, விசை வெண்ணெய் போல வந்தது. சித்தப்பா என் முதுகில் தட்டினார். "இதுதான் எங்க வீட்டுப் பொண்ணு. இன்னொரு தடவை!"

துப்பாக்கியைக் காலி செய்து டிக்கியில் வைத்தேன். அப்பா மறுபடி பலகைக்குப் போனார். ஒரு டப்பாவை நிறுத்தினால் பக்கத்து டப்பா அவர் கை பட்டு விழுந்தது. அதை எடுத்தால் இது விழுந்தது. அடுத்த ஆறு தோட்டாவும் என் உள்ளங்கையில் சூடாகிக்கொண்டிருந்தன.

"இருட்டிடும் போலிருக்கே," என்றார் சித்தப்பா என் காதருகே.

"அப்பா," என்று கத்தினேன், "கொஞ்சம் சீக்கிரம் வைங்க."